சம்பளமில்லாத நிபுணர்கள்

ஒரு நகரம் தன் ஊர் வழியாகப் போகவிருக்கும் ரயில் திட்டம் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கவும், திட்டக்காரர்கள் காட்டும் கணக்கை வெளி நிபுணர்களைக் கொண்டு சரிபார்க்கவும் தன் கஜானாவிலிருந்தே பணம் ஒதுக்குகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. திட்டத்தைக் கொண்டுவருபவரே கருத்துக்கேட்பையும் நடத்தி, அறிக்கையையும் எழுதி, தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்வதைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது ஒரு கனவு போலக்கூடத் தோன்றும். கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரம் 2009 முதல் இதைச் செய்துவந்திருக்கிறது. முதலில் அதிவேக ரயிலுக்காகச் செய்தது, பிறகு தன் லெவல் கிராசிங்குகளுக்காக. அந்த அனுபவத்தைப் பெண்ணிய நோக்கில் வாசித்துப் பார்க்க விரும்புகிறேன். என் கேள்வி எளியது: பங்கேற்பின் பெயரால் செலவான பணம் யார் கைக்குப் போனது, யார் கைக்குப் போகவில்லை?

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008 நவம்பரில் கலிபோர்னிய வாக்காளர்கள் சான் பிரான்சிஸ்கோவையும் லாஸ் ஏஞ்சல்ஸையும் இணைக்கும் அதிவேக ரயிலுக்காக 995 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். இரண்டு நகரங்களுக்கும் இடையே 2 மணி 40 நிமிடம் என்பது வாக்குறுதி. சான் பிரான்சிஸ்கோவுக்கும் சான் ஹோசேவுக்கும் நடுவே இந்த ரயில், ஏற்கெனவே கால்ட்ரெயின் ஓடிக்கொண்டிருக்கும் பாதையிலேயே வரும். இரண்டு தண்டவாளம் நான்காகும். அந்தப் பாதை பாலோ ஆல்டோவின் வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் நடுவே போகிறது. வாக்கெடுப்பின்போது ஆதரவாக இருந்த ஊர், கொல்லைப்புறத்தில் உயரமான ரயில் மேடை எழும்பக்கூடும் என்று தெரிந்ததும் விழித்துக்கொண்டது. பக்கத்து ஊர்களான ஆதர்ட்டனும் மென்லோ பார்க்கும் வழக்குத் தொடுத்திருந்தன. பாலோ ஆல்டோ கூட்டங்கள் நடத்தியது, பொறியியல் வரைவுகளை மறுஆய்வு செய்ய ஆலோசகர்களை அமர்த்தியது, அண்டை ஊர்களோடு கூட்டமைப்பு ஒன்றில் சேர்ந்தது. 2010இல் திட்டத்தின் மேல் நம்பிக்கை இல்லை என்று நகர மன்றம் தீர்மானமே போட்டது.

பணக்கார ஊரின் வீட்டுமனைக் கவலை என்று இதைத் தள்ளிவிடுவது சுலபம். அதில் பாதி உண்மையும் உண்டு. ஆனால் இந்தக் கதையின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு நகரம் காசு கொடுத்து அமர்த்திய நிபுணர்களிடமிருந்து வரவில்லை. நான்கு பெண்களிடமிருந்து வந்தது. 2009இல் பாலோ ஆல்டோவைச் சேர்ந்த நான்கு பெண்கள் 'பொறுப்பான ரயில் வடிவமைப்பை வலியுறுத்தும் கலிபோர்னியர்கள்' என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'கார்ட்' என்பார்கள். ரயிலே வேண்டாம் என்பது அவர்கள் நிலைப்பாடு அல்ல. வருவதாக இருந்தால் கணக்கு சரியாக இருக்கட்டும் என்றார்கள். எலிசபெத் அலெக்சிஸ், நதியா நாயக் ஆகிய பெயர்கள் அதன்பின் பல ஆண்டுகள் சட்டமன்ற விசாரணைகளிலும் செய்திகளிலும் வந்துகொண்டிருந்தன. யாரும் அவர்களுக்குச் சம்பளம் தரவில்லை.

அவர்கள் கண்டுபிடித்தது என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எண் என்றால் ஒதுங்கிப்போகும்படி நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். அதனால்தான் இதை விளக்கியே தீர வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு ரயிலில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல ஆலோசனை நிறுவனங்கள் ஒரு கணிப்பு மாதிரியைக் கட்டுகின்றன. பயணி எதையெல்லாம் எடைபோடுவார்? கட்டணம், பயண நேரம், ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் இடையே உள்ள நேரம். இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை எண் உண்டு, கணக்கில் அதைக் கெழு என்போம். குழம்புக்கு உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்பது போலத்தான். உப்பின் அளவை மாற்றினால் குழம்பே வேறாகிவிடும். இந்தத் திட்டத்துக்கான மாதிரியைக் கேம்பிரிட்ஜ் சிஸ்டமாடிக்ஸ் என்ற நிறுவனம் செய்திருந்தது. கார்ட் அமைப்பினர் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, வெளியிடப்பட்ட அறிக்கையில் இருந்த கெழுக்களும் உண்மையில் கணக்கிடப் பயன்படுத்திய கெழுக்களும் ஒன்றாக இல்லை என்று தெரியவந்தது. முக்கியமாக, இரண்டு ரயில்களுக்கு இடைப்பட்ட நேரத்துக்கான எடை மிகவும் கூட்டப்பட்டிருந்தது.

அதனால் என்ன என்று கேட்கலாம். ரயில் மலையைக் கடக்க இரண்டு வழிகள் போட்டியில் இருந்தன. அல்டமாண்ட் கணவாய் வழியாக வந்தால் ரயில்கள் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சான் ஹோசேவுக்குமாகப் பிரிய வேண்டும். அதாவது ஒவ்வோர் ஊருக்கும் ரயில்களின் எண்ணிக்கை குறையும். பச்சேகோ கணவாய் வழியாக வந்தால் பிரிய வேண்டியதில்லை. அடிக்கடி ரயில் வருவதற்கு எடையைக் கூட்டினால் பச்சேகோதான் சிறந்தது என்று கணக்கு சொல்லும். தேர்ந்தெடுக்கப்பட்டதும் பச்சேகோதான். பாலோ ஆல்டோ முழு நீளத்துக்கும் ரயில் வருவது அந்த முடிவின் விளைவு. நிறுவனம், இது தொழில்முறை மதிப்பீடு, வழக்கமான நடைமுறை என்று பதில் சொன்னது.

மாநில செனட்டின் போக்குவரத்துக் குழு கேட்டதன் பேரில், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் இதை ஆராய்ந்து 2010 கோடையில் அறிக்கை தந்தது. கெழு மாற்றப்பட்டதையும், கருத்துக்கணிப்புக்கு ஆட்களைத் தேர்ந்த விதத்தையும் அது குறைகூறியது. பிழைக்கான இடைவெளி மிகப் பெரியது, ஆகவே இந்த ரயில் லாபம் தருமா, பெரும் நட்டம் தருமா என்று சொல்ல இந்தக் கணிப்பை நம்ப முடியாது என்பது அதன் முடிவு. பேராசிரியர்கள் சொன்ன பிறகு அது செய்தியானது. அதே விஷயத்தை முன்பே சொல்லிக்கொண்டிருந்த பெண்களைச் செய்திகள் 'உள்ளூர்க் குடியிருப்பாளர்கள்' என்றன. குடியிருப்பாளர் என்பது ஒரு பதவி அல்ல. அதற்கு மணிக்கு இத்தனை டாலர் என்று விலைப்பட்டியலும் இல்லை.

இங்கேதான் எனக்கு 1970களின் 'வீட்டுவேலைக்குக் கூலி' இயக்கம் நினைவுக்கு வருகிறது. வீட்டில் பெண் செய்வது உழைப்பே அல்ல, அன்பு என்று பெயர் வைத்ததால்தான் அது இலவசமாகக் கிடைக்கிறது என்று அந்த இயக்கத்தார் வாதிட்டார்கள். பொதுப்பங்கேற்பு விஷயத்தில் 'அன்பு' இருந்த இடத்தில் 'குடிமைப் பொறுப்பு' என்ற சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படிப்பது, ஆவணம் கேட்டு மனுப்போடுவது, அண்டை வீட்டாருக்குப் புரியும்படி எழுதுவது, சாக்ரமென்டோவுக்குக் கார் ஓட்டிப்போய் விசாரணையில் பேசுவது எல்லாம் உழைப்புதான். இதே வேலையை ஆலோசனை நிறுவனம் செய்தால் விலைப்பட்டியல் வரும். ஊர்க்காரி செய்தால் நகரம் தன் அறிக்கையில் 'துடிப்பான பங்கேற்பு' என்று ஒரு வரி எழுதிக்கொள்ளும்.

அதே ஆண்டில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2009இல் அந்த ஊர் தன் பள்ளிப் பிள்ளைகள் சிலரை அந்த ரயில் பாதையில் இழந்தது. ஊரே உடைந்துபோனது. கிராசிங்கில் இரவு நேரத்தில் போய் நின்று காவல் காத்தவர்கள் முதலில் பெற்றோர்களும் அக்கம்பக்கத்தாரும்தான். நகரம் சம்பளத்துக்குக் காவலர்களை அமர்த்தியது அதற்குப் பிறகு. இதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. எந்த ஊரிலும் துயரத்துக்கு முதலில் ஓடிவருவது அக்கம்பக்கம்தான். வரிசையை மட்டும் கவனியுங்கள். முதலில் இலவச அக்கறை, பிறகு அதற்கு ஒரு பட்ஜெட் தலைப்பு.

மறுபடியும் அந்தக் கணிப்பு மாதிரிக்கு வருகிறேன். கார்ட் பெண்கள் தொடாத ஒரு குறை அதில் இருக்கிறது. அது பெர்க்லி அறிக்கையின் பேசுபொருளும் அல்ல. மக்கள் எதற்காகப் பயணம் செய்கிறார்கள் என்பதை அந்த மாதிரி நான்கு கட்டங்களாகப் பிரித்திருந்தது: தொழில் நிமித்தம், வேலைக்குப் போய்வருதல், பொழுதுபோக்கு, மற்றவை. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று பார்க்கப் போவது எந்தக் கட்டம்? பிள்ளைப்பேற்றுக்கு மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வருவது? தங்கையின் குழந்தையைப் பள்ளி விடுமுறைக்கு அழைத்துவருவது? எல்லாம் 'மற்றவை'. ஸ்பெயின் நாட்டு நகரத் திட்ட அறிஞர் இனெஸ் சான்செஸ் தெ மதாரியாகா இப்படிச் சிதறிக் கிடக்கும் பயணங்களை ஒன்றுசேர்த்து அவற்றுக்குப் 'பராமரிப்பின் போக்குவரத்து' என்று பெயரிட்டார். கடைக்குப் போவது, பிள்ளையைக் கூட்டிப்போவது, மருந்து வாங்குவது, முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போவது எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் எண்ணினால், வேலைக்குப் போகும் பயணங்களுக்கு நிகராக நிற்கும் அளவு அது பெரியது என்பது அவர் வாதம். எண்ணாததால்தான் சின்னதாகத் தெரிகிறது. இதே கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சல்ஸ் மெட்ரோ, பெண்கள் எப்படிப் பயணம் செய்கிறார்கள் என்று தனியே ஓர் அறிக்கை வெளியிட 2019 வரை ஆயிற்று. அத்தனைக்கும் அதன் பேருந்துப் பயணிகளில் பாதிக்கு மேல் பெண்கள்.

நிபுணர் மறுஆய்வு என்பதன் எல்லை இது. கணக்கில் பிழை இருக்கிறதா என்று அது பார்க்கும். கட்டங்களை யார் வரைந்தார்கள் என்று கேட்கும்படி அதனிடம் யாரும் பணம் கொடுக்கவில்லை.

நான் 2010இல் கணவரின் விசாவில், அந்தப் பாதையோரத்தில் இன்னோர் ஊரில் இருந்தேன். வேலை செய்ய அனுமதி இல்லாத விசா அது. சில துணைவர்களுக்காவது வேலை அனுமதி வந்தது 2015இல்தான். ஆகவே பகல் முழுக்க எனக்கு நேரம் இருந்தது. சாயங்காலம் ரயில் பற்றிய கூட்டம் ஒன்றுக்கு ஒரு தோழியோடு போனேன். கலிபோர்னியாவின் திறந்த கூட்டச் சட்டம் 1953இலிருந்து இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போகலாம், குடியுரிமை வேண்டியதில்லை, சீட்டு எழுதிக் கொடுத்தால் பேசலாம். பேசியவர்கள் ஒவ்வொருவரும், "நான் இந்தத் தெருவில் இத்தனை ஆண்டுகளாகச் சொந்த வீட்டில் இருக்கிறேன்" என்றே தொடங்கினார்கள். பத்து, இருபது, முப்பத்தைந்து ஆண்டுகள். சொந்த வீடும் ஆண்டுக்கணக்கும்தான் அங்கே பேசுவதற்கான நுழைவுச்சீட்டு என்று ஐந்தாவது ஆள் பேசும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. தோழி என் கையில் சீட்டைத் திணித்து, "எழுதிக் குடுடீ, நீயும்தான் தினம் அந்த ரயில்ல போறே" என்றாள். நான் என்னவென்று தொடங்குவது? சட்டம் என்னைத் தடுக்கவில்லை. அந்த வாக்கிய அமைப்பு தடுத்தது.

என் ஒருத்தியின் கூச்சம் என்று இதை விட்டுவிட முடியாது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் கேத்தரின் லெவின் ஐன்ஸ்டைன், டேவிட் கிளிக், மேக்ஸ்வெல் பாமர் ஆகியோர் மாசசூசெட்ஸ் மாநில ஊர்களின் திட்டக்குழுக் கூட்டங்களில் யார் பேசினார்கள் என்று குறிப்புகளிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். பேசுகிறவர்கள் ஊரின் சராசரியைவிட வயதில் மூத்தவர்கள், ஆண்கள், சொந்த வீட்டுக்காரர்கள், நெடுநாள் குடியிருந்தவர்கள். 2019இல் புத்தகமாக வந்தது. அது வீடு கட்டுவது பற்றிய கூட்டங்கள், இது ரயில் பற்றியது, மாநிலமும் வேறு. ஆனால் மாலை ஏழு மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை நீளும் கூட்டத்தின் கதவு எந்த மாநிலத்திலும் ஒரே மாதிரிதான் திறக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவர் வர முடியாது.

அப்படியானால் அந்த நான்கு பெண்கள் எப்படி வந்தார்கள்? இதைக் கேட்காமல் அவர்களைக் கொண்டாடிவிட்டுப் போனால் அது அரைகுறைப் பெண்ணியம். அவர்கள் வீட்டு விவரம் எதுவும் எனக்குத் தேவையில்லை, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. ஊரின் பொதுவான அமைப்பைச் சொல்கிறேன். பாலோ ஆல்டோவில் ஒரு வீட்டுக்காரிக்கு மாலைப்பொழுது ஓய்வாகக் கிடைக்கிறது என்றால், பெரும்பாலும் இன்னொரு பெண்ணின் மாலைப்பொழுது அங்கே செலவாகியிருக்கும். நான் பூங்காவில் பார்த்த தள்ளுவண்டிகளில் பாதியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் தாய்மார்கள் அல்ல. ஸ்பானிய மொழி பேசும் ஆயாக்கள். 101ஆம் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஈஸ்ட் பாலோ ஆல்டோ இருக்கிறது. பெயரில் கிழக்கு மட்டும்தான் வேறு என்று நினைக்க வேண்டாம். அது தனி நகரம், மாவட்டமே வேறு. முன்பு கறுப்பின மக்கள் பெரும்பான்மை, பிறகு லத்தீன் அமெரிக்க வழியினர். அங்கே கால்ட்ரெயின் நிலையம் கிடையாது. பாலோ ஆல்டோவின் சமையலறைகளுக்கும் தொட்டில்களுக்கும் வருகிற பெண்களில் பலர் பேருந்தில் வருகிறார்கள், குறுக்கே. தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் வேலை பார்க்கிறவர்கள் அவர்கள். கிராசிங்கில் கேட் மூடியிருந்தால் தாமதமாவது அவர்கள் பேருந்தும்தான். பாலோ ஆல்டோ தன் வரிப்பணத்தில் நடத்தும் கருத்துக்கேட்பில் அவர்கள் 'குடியிருப்பாளர்' பட்டியலில் வர மாட்டார்கள், ஏனென்றால் இரவு அங்கே தூங்குவதில்லை. ஊரின் பகல் அவர்கள் கையில் இருக்கிறது, ஊரின் கேள்வி அவர்களுக்குப் போவதில்லை.

நகரம் கருத்துக்கேட்புக்கு ஒதுக்கும் தொகையில் எளிதாகச் செய்திருக்கக்கூடியவை சில உண்டு. கூட்டத்துக்கு வருபவரின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள், ஸ்பானிய மொழிபெயர்ப்பு, பேருந்து நிறுத்தத்தில் நின்று கேட்கும் நான்கு பேர், வந்து உட்கார்ந்த மணிநேரத்துக்கு ஒரு தொகை. ஆலோசகரின் ஒரு வரைபடத்துக்கு ஆகும் செலவில் ஒரு சின்னப் பங்குகூட இதற்கு ஆகாது. ஆனாலும் பணம் கொடுத்தால் பங்கேற்பு மாசுபட்டுவிடும் என்று ஒரு வாதம் உடனே வரும். வேடிக்கை என்னவென்றால், ஆலோசகருக்குக் கொடுக்கும்போது அந்த மாசு யார் கண்ணிலும் படுவதில்லை.

அதிவேக ரயில் பின்னர் சுருங்கியது. நான்கு தண்டவாளம் கைவிடப்பட்டு, இருக்கிற பாதையிலேயே இரண்டு ரயில்களும் ஓடும் 'கலப்பு' ஏற்பாடு வந்தது. கால்ட்ரெயின் மின்மயமாகி 2024 செப்டம்பரில் முழுமையாக ஓடத் தொடங்கியது. ரயில்கள் கூடினால் கேட்டும் அடிக்கடி மூடும். ஆகவே பாலோ ஆல்டோவுக்கு அடுத்த வேலை அதன் நான்கு லெவல் கிராசிங்குகள்: பாலோ ஆல்டோ அவென்யூ, சர்ச்சில், மெடோ, சார்லஸ்டன். சர்ச்சில் கிராசிங் உயர்நிலைப் பள்ளியை ஒட்டியது. காலையில் மாணவர்கள் சைக்கிளில் கூட்டமாகக் கடப்பார்கள். சாலையைக் கீழே இறக்குவதா, ரயிலைத் தூக்குவதா, பள்ளம் தோண்டி ரயிலை அதற்குள் விடுவதா, கிராசிங்கையே மூடிவிடுவதா? வரைபடங்கள் போட ஒரு பெரிய பொறியியல் நிறுவனம் ஒப்பந்தத்தில் வந்தது. அதோடு, ஊர்க்காரர்களைக் கொண்ட ஓர் ஆலோசனைக் குழுவை நகரம் அமைத்து, பின் 2019இல் விரிவாக்கியது. தலைவராக இருந்தவர் அதே நதியா நாயக்.

பெண் தலைமை வந்துவிட்டதே, பிறகென்ன குறை என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். பத்தாண்டு இலவசமாக உழைத்துச் சேர்த்த அறிவுக்கு நகரம் கொடுத்த அங்கீகாரம், மேலும் இலவசமாக உழைக்க ஓர் இருக்கை. குழு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கூடியது, பாதியில் கொரோனா வந்து கூட்டங்கள் ஜூமுக்கு மாறின. நிறுவனம் தந்த போக்குவரத்துக் கணக்குகளைக் குடைந்து கேள்வி கேட்டது. மெடோவிலும் சார்லஸ்டனிலும் எது சிறந்தது என்று குழுவால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. சர்ச்சிலை மூடிவிடலாம், நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் வழி விடலாம் என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் பரிந்துரைத்தது. இறுதி அறிக்கை 2021 மார்ச்சில் நகர மன்றத்தின் முன் போனது.

அந்த ஆண்டு நவம்பரில் நகர மன்றம் சர்ச்சிலுக்குப் பகுதிச் சுரங்கச்சாலையை முதல் தேர்வாக எடுத்தது. மூடுவது மாற்று ஏற்பாடாகப் பின்னுக்குப் போனது. குழுவின் பரிந்துரையை மாற்ற மன்றத்துக்கு முழு உரிமை உண்டு. ஆலோசனைக் குழு என்ற பெயரிலேயே அது இருக்கிறது. மாற்றியதற்கு ஆகும் புது வரைபடங்களுக்கும் புதுக் கணக்குகளுக்கும் ஒப்பந்தக்காரருக்கு மணிக்கணக்கில் ஊதியம் உண்டு. ஒன்றரை ஆண்டு உட்கார்ந்து எழுதிய அறிக்கைக்கு நன்றித் தீர்மானம் உண்டு.